‘சாஃப்ட்’டா, ‘சாஃப்ட்லி’யா?

திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கடிதத்தோடு குண்டூசியால் குத்தி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டுத் துணியும் வைத்திருக்கிறார். பல்லடம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, தமிழ் வழியில் படித்து, கல்லூரிப் பட்டமும் பெற்று, இப்போது ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர் அவர். வெளிநாட்டு வியாபாரிகளுடன் எழுத்துப் போக்குவரத்து நடத்துவதும், மாதிரித் துணி அனுப்புவதும், சரக்குக் கப்பல் ஏறும் வரையில் பதில் சொல்லிக்கொண்டிருப்பதும் அவருடைய வேலை. திருப்பூரில் இதற்கு ‘மெர்ச்சண்டைசர்’ என்று பெயர். கடிதத்தில் சம்பளத்தைப் பற்றி முறையீடு இல்லை. பஸ் நெரிசலைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை இல்லை. ஒரே ஓர் இலக்கணச் சந்தேகம்தான். ஆனால், அந்தச் சந்தேகத்துக்குப் பின்னால் இருக்கிற மனத்தாங்கல் சிறியதன்று.

நடந்தது இதுதான். ஜெர்மனியிலுள்ள ஒரு வியாபாரிக்குப் புதிய துணியின் மாதிரியை அனுப்பும்போது, ‘துணி தொடுவதற்கு மென்மையாக இருக்கிறது’ என்று தெரிவிக்க வேண்டியிருந்தது. சகோதரி ‘தி கிளாத் ஃபீல்ஸ் சாஃப்ட்லி’ என்று எழுதினார். மேலதிகாரி அதை அறையிலுள்ள அத்தனை பேருக்கும் கேட்கும்படி வாசித்துக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ‘லி’ என்பதை அடித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஏன் அடித்தார் என்று சொல்லவில்லை. “உங்களுக்கெல்லாம் இங்கிலீஷ் வரவே வராது” என்பதை மட்டும் சொன்னார்.

சகோதரி கேட்கிறார்: “‘வேகமாக’ என்றால் ‘குவிக்லி’, ‘மெதுவாக’ என்றால் ‘ஸ்லோலி’. தமிழில் ‘ஆக’ வந்தால் இங்கிலீஷில் ‘லி’ போடு என்றுதான் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படியானால் ‘மென்மையாக’ என்றால் ‘சாஃப்ட்லி’ தானே? பள்ளியில் சொன்னது பொய்யா? எங்களுக்கு இங்கிலீஷ் வராது என்று அவர் சொன்னது மெய்யா?”

பின்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். மெய் அன்று. அந்த அறையில் சிரித்தவர்களில் எத்தனை பேருக்குச் ‘சாஃப்ட்லி’ ஏன் தவறு என்பதற்குக் காரணம் சொல்லத் தெரிந்திருக்கும் என்பது நமக்குப் பெரிய சந்தேகம். மேலதிகாரிக்கே தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார் அல்லவா? காதுப் பழக்கத்தால் சரியானதைத் தெரிந்துகொள்வது ஒன்று. காரணம் அறிவது வேறொன்று. இந்தச் சகோதரி காரணம் கேட்கிறார். அந்த அளவில் அவர் அறையில் இருந்த எல்லாரையும்விட ஒரு படி மேலே நிற்கிறார். இன்னொன்றும் சொல்வோம். அவர் செய்த பிழை அறியாமையால் வந்ததன்று. தமிழில் ஒழுங்காக யோசித்ததனால் வந்த பிழை அது.

எப்படி என்று பார்க்கலாம்.

பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜை என்று ஒன்று உண்டு. தைத்து வந்த உருப்படிகளைக் குவித்து வைத்துக்கொண்டு, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் ஆகியவற்றைப் பெண்கள் பார்த்துப் பிரித்துப் போடுகிற இடம். அந்த மேஜையருகில் நின்றுகொண்டு இரண்டு வாக்கியங்கள் சொல்வோம். ‘அந்தப் பெண் துணியை மென்மையாகத் தடவிப் பார்த்தாள்.’ ‘துணி மென்மையாக இருக்கிறது.’ இரண்டிலும் ‘மென்மையாக’ என்பது ஒரே சொல்தான். ஓர் எழுத்துக்கூட வித்தியாசம் இல்லை. ஆனால், செய்கிற வேலை வேறு. முதல் வாக்கியத்தில் அது தடவுகிற செயலைப் பற்றிப் பேசுகிறது. எப்படித் தடவினாள் என்பதற்கு விடை. இரண்டாவது வாக்கியத்தில் செயல் ஒன்றுமே நடக்கவில்லை. துணி சும்மா கிடக்கிறது. அதன் குணம் என்ன என்பதற்குத்தான் விடை. ஆகவே முதலாவது ‘மென்மையாக’ வினைக்கு உறவு. இரண்டாவது ‘மென்மையாக’ துணிக்கு உறவு.

தமிழ் இந்த இரண்டு உறவுக்கும் ஒரே சட்டையைப் போட்டு அனுப்பிவிடுகிறது. இங்கிலீஷ் அப்படிச் செய்வதில்லை. வினைக்கு உறவானதை ‘அட்வெர்ப்’ என்று பிரித்துப் பெரும்பாலும் ‘லி’ வால் ஒட்டி அனுப்புகிறது. பெயருக்கு உறவானதை ‘அட்ஜெக்டிவ்’ என்று வால் இல்லாமல் அனுப்புகிறது. அப்படிக் குணத்தைக் கொண்டுவந்து எழுவாயோடு சேர்த்து முடிச்சுப் போடுகிற வினைக்கு ‘லிங்கிங் வெர்ப்’ என்று பெயர். இணைப்பு வினை என்போம். அது தானாக ஒரு செயலையும் செய்வதில்லை. ஸ்வெட்டர் பின்னுகிற ஊர்களில் கழுத்துப் பட்டையை உடலோடு கண்ணிக்குக் கண்ணி சேர்க்கும் எந்திரத்துக்கு லிங்கிங் எந்திரம் என்றே பெயர். அது புதிதாகத் துணி ஒன்றும் தருவதில்லை. இரண்டைச் சேர்த்து வைப்பதோடு சரி. ‘இஸ்’, ‘வாஸ்’ முதலியவை அந்த ஜாதி. ‘சீம்’, ‘பிகம்’, ‘ரிமெயின்’ ஆகியவையும் அதே ஜாதிதான்.

ஆபத்து எங்கே வருகிறது என்றால், ஐம்புலன்களைச் சேர்ந்த சில வினைகள் இரட்டை வேஷம் போடுவதில் வருகிறது. ‘லுக்’, ‘ஃபீல்’, ‘ஸ்மெல்’, ‘டேஸ்ட்’ என்பவை ஒரு சமயம் செயலாகவும் ஒரு சமயம் வெறும் இணைப்பாகவும் நிற்கும். செக்கிங் பெண் துணியை ‘ஃபீல்ஸ்’ என்றால் விரலால் தடவுகிறாள். அங்கே ‘கேர்ஃபுல்லி’ என்று ‘லி’ போடத்தான் வேண்டும். துணி ‘ஃபீல்ஸ்’ என்றால் அதற்குக் கையும் இல்லை, விரலும் இல்லை. தொடுகிறவருக்கு அது எப்படிப்பட்டதாகத் தெரிகிறது என்றுதான் பொருள். அங்கே ‘சாஃப்ட்’. ‘சாஃப்ட்லி’ என்று எழுதினால், திருப்பூர்த் துணி எழுந்து போய் ஜெர்மன் வியாபாரியின் கன்னத்தை மெதுவாக வருடுகிறது என்றல்லவா ஆகிவிடுகிறது! அறையில் இருந்தவர்கள் சிரித்தது அதனால்தான். வேடிக்கைதான், ஆனால், தமிழில் நினைத்து எழுதிய ஒருவருக்கு அது வேடிக்கையாகத் தெரிய நியாயமே இல்லை.

கட்டிங் மாஸ்டரைப் பார்ப்போம். ‘மாஸ்டர் கோபமாகத் தோன்றினார்’ என்றால் ‘லுக்ட் ஆங்ரி’. ‘மாஸ்டர் துணியைக் கோபமாகப் பார்த்தார்’ என்றால் ‘லுக்ட் ஆங்ரிலி’. இதைக் கண்டுபிடிப்பதற்கு இங்கிலீஷ் பள்ளிகளில் ஒரு சுலபமான சோதனை உண்டு. சந்தேகப்படுகிற வினையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘இஸ்’ வைத்துப் பார்ப்பது. ‘துணி இஸ் சாஃப்ட்’: பொருந்துகிறது, ஆகவே வால் வேண்டாம். ‘பெண் இஸ் தி கிளாத்’: பெண்ணே துணி என்று ஆகிவிட்டது, பொருந்தவில்லை. ஆகவே அது செயல், வால் வேண்டும்.

தமிழ் அறிந்தவர்களுக்கு வீட்டுச் சோதனை ஒன்றும் இருக்கிறது. ‘துணி மென்மையாக இருக்கிறது’ என்பதைத் ‘துணி மென்மையானது’ என்று மாற்றிப் பாருங்கள். பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. ‘மாஸ்டர் துணியைக் கோபமாகப் பார்த்தார்’ என்பதை ‘மாஸ்டர் கோபமானவர்’ என்று மாற்றினால், பார்த்த பார்வையே காணாமற் போய்விடுகிறது. மாற்றினால் நஷ்டம் இல்லாத இடத்தில் அட்ஜெக்டிவ். நஷ்டம் வருகிற இடத்தில் அட்வெர்ப்.

பெரிய நஷ்டம் இல்லை என்றோமே தவிர, ஒரு நஷ்டமும் இல்லை என்று சொல்லவில்லை. ‘மென்மையானது’ என்பது இயல்பைச் சொல்கிறது. ‘மென்மையாக இருக்கிறது’ என்பது இப்போதைய நிலையைச் சொல்கிறது. ‘அவர் நல்லவர்’ என்பதும் ‘அவர் நன்றாக இருக்கிறார்’ என்பதும் ஒன்றா? முன்னது குணத்துக்கு நற்சாட்சி, பின்னது உடம்புக்கு. இங்கிலீஷ்காரர் முன்னதை ‘ஹி இஸ் குட்’ என்றும் பின்னதை ‘ஹி இஸ் வெல்’ என்றும் சொல்லி ஒருவாறு சமாளித்துக்கொள்கிறார். அந்தப் பின்னாலுள்ள ‘வெல்’ என்பது அட்வெர்ப் அன்று, அட்ஜெக்டிவ்தான் என்று அவர்கள் அகராதிகள் சொல்கின்றன. நம் வீட்டில் இந்தப் பேதம் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

இப்போது நம் இலக்கணத்தைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்க நேயர்கள் அனுமதிக்க வேண்டும். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டினர். பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரமே அவருடைய ஊர் என்று கொங்கு நாட்டில் ஒரு கூற்று வழங்குகிறது. அது உண்மையானால் திருப்பூருக்கு அவர் பக்கத்து ஊர்க்காரர்தான். அவரும், அவருக்கு மிக முற்பட்ட தொல்காப்பியரும், வினைச்சொல்லில் காலத்தை வெளிப்படக் காட்டும் வினைக்கு வேறாகக் குறிப்பு வினை என்று ஓர் இனத்தைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ‘அவன் கரியன்’, ‘அது இனிது’, ‘அவள் நல்லள்’. இவற்றில் செய்கை என்று ஒன்றும் இல்லை. குணமே வினைமுற்றாகி நிற்கிறது. நேற்று இனிதா, இன்று இனிதா என்பதைச் சொல் வெளிப்படையாகச் சொல்லாது. நாமே குறிப்பால் உணர்ந்துகொள்ள வேண்டும். இங்கிலீஷ்காரர் ‘இஸ்’ என்ற முடிச்சையும் ‘ஸ்வீட்’ என்ற குணத்தையும் தனித்தனியே வாங்கி வந்து சேர்க்கிற இடத்தில், தமிழர் ‘இனிது’ என்று ஒரே சொல்லில் காரியத்தை முடித்துவிடுகிறார்.

தமிழில் அட்ஜெக்டிவ் என்று தனி இனமே கிடையாது என்று 1856இல் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் கருதினார். பண்பைக் குறிக்கும் பெயர்தான் மற்றொரு பெயருக்கு முன் வந்து அந்த வேலையைச் செய்கிறது என்பது அவர் கொள்கை. இதைக் குறையென்று யாரும் எண்ண வேண்டியதில்லை. இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களிலேயே வெகு காலம் வரையில் அட்ஜெக்டிவைப் பெயர்ச்சொல்லின் ஒரு பிரிவாகத்தான் வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அது தனிக் குடித்தனம் போனது 18ஆம் நூற்றாண்டில்தான். ‘இஸ்’ இல்லாமல் வாக்கியம் அமைவதும் தமிழுக்கு மட்டும் உரிய விசித்திரம் அன்று. ருஷ்யர்களும் நிகழ்காலத்தில் ‘இது பருத்தி’ என்று நம்மைப் போலவே வினையில்லாமல் பேசுகிறார்கள். அதனால் அவர்களுடைய நாவல்களுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

இதைவிட ருசியான விஷயம் ஒன்று இருக்கிறது. ‘மென்மையாக’ என்பதைப் பிரித்தால் ‘மென்மை’ என்ற பெயரும் ‘ஆக’ என்ற சொல்லும் கிடைக்கின்றன. ‘ஆக’ என்பது எங்கிருந்து வந்தது? ‘ஆகு’ என்னும் வினையிலிருந்து. ‘இது பருத்தி ஆகும்’, ‘அவர் ஆசிரியர் ஆவார்’ என்று எழுத்துத் தமிழில் எழுதுகிறோமே, அந்த ஆகுதான். இங்கிலீஷ்காரருடைய ‘இஸ்’ஸுக்கும் ‘பிகம்’முக்கும் சமானமான இணைப்பு வினை அது. ‘மென்மையான துணி’ என்பதிலுள்ள ‘ஆன’வும் அதன் பிள்ளைதான். ஆகவே இணைப்பு வினை நமக்குப் புதிது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பள்ளிப் பையன் ‘லி’ என்று மொழிபெயர்க்கிற அந்த இரண்டெழுத்துக்கு உள்ளேயே ஓர் இணைப்பு வினை ஒளிந்துகொண்டிருக்கிறது.

இதையெல்லாம் வகுப்பில் ஒரு மணி நேரம் சொன்னால் போதும். அப்புறம் பிள்ளைகள் தாங்களே பிடித்துக்கொள்வார்கள். ஆனால், தமிழாசிரியர் ஒரு மணியில் குறிப்பு வினையைச் சொல்லிவிட்டுப் போகிறார்; இங்கிலீஷ் ஆசிரியர் அடுத்த மணியில் இணைப்பு வினையைச் சொல்கிறார்; இரண்டும் ஒரே சங்கதி என்று இருவரில் ஒருவரும் சொல்வதில்லை. நடுவில் பிள்ளைகளுக்குக் கிடைப்பது ‘ஆக வந்தால் லி போடு’ என்ற சூத்திரம் ஒன்றுதான். அந்தச் சூத்திரம் பத்துக்கு ஏழு இடத்தில் பலிக்கும்; மீதி மூன்று இடத்தில் பத்துப் பேர் நடுவில் தலைகுனிய வைக்கும்.

‘லி’யைப் பற்றி இன்னொரு சமாசாரம். அதை நம்பவும் முடியாது. ‘இந்தத் துணி காஸ்ட்லி’ என்று நம் வீடுகளில் சொல்கிறோம். அதில் ‘லி’ இருக்கிறது. ஆனாலும் அது அட்ஜெக்டிவ். ‘ஃப்ரெண்ட்லி’யும் அப்படியே. மறுபுறம் ‘ஃபாஸ்ட்’, ‘ஹார்ட்’, ‘லேட்’ என்று வாலே இல்லாத அட்வெர்ப்கள் இருக்கின்றன. தையற்காரர் ஒருவருக்கு நற்சாட்சிப் பத்திரம் எழுதுகிறவர், கடினமாக உழைக்கிறார் என்பதற்கு ‘வொர்க்ஸ் ஹார்ட்’ என்று எழுத வேண்டும். ‘ஆக’வைக் கண்ட பழக்கத்தில் ‘ஹார்ட்லி’ என்று எழுதிவிட்டால், வேலையே செய்வதில்லை என்று பொருளாகி அந்த மனிதருடைய பிழைப்புப் போய்விடும்.

‘ஃபாஸ்ட்’ என்ற சொல் திருப்பூருக்குச் சொந்தச் சொல் மாதிரி. சாயம் போகாத துணியை ‘கலர் ஃபாஸ்ட்’ என்பார்கள். ‘தி கலர் இஸ் ஃபாஸ்ட்’ என்றால், சாயம் கெட்டியாக நிற்கும் என்று பொருள். ‘தி கலர் ரன்ஸ் ஃபாஸ்ட்’ என்றால், துவைத்த மாத்திரத்தில் சாயம் விரைவாக ஓடிவிடும் என்று பொருள். ஒரே ‘ஃபாஸ்ட்’தான். ‘இஸ்’ என்ற இணைப்பு வினைக்குப் பக்கத்தில் அது வியாபாரத்தை வாழவைக்கிறது. ‘ரன்ஸ்’ என்ற செயலுக்குப் பக்கத்தில் கெடுக்கிறது.

அந்த ‘ரன்’ என்ற சொல்லையும் லேசாக எண்ணக் கூடாது. சில சமயம் அதுவே இணைப்பு வினையாகிவிடும். கிணறு வற்றிப்போனால் ‘ரன்ஸ் டிரை’. ஆறு சிவப்பாக ஓடினால் ‘ரன்ஸ் ரெட்’. இங்கே ‘ரெட்’ என்பது ஓட்டத்தின் வேகத்தைச் சொல்லவில்லை. ஆற்றின் நிறத்தைச் சொல்கிறது. திருப்பூர்க்காரர்களுக்கு இதற்கு உதாரணம் புத்தகத்தில் தேட வேண்டிய அவசியம் இருந்ததில்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யல், பல வருஷ காலம் அன்றன்று பட்டறையில் ஏறிய சாயத்தின் நிறத்தில் ஓடியது. ஒரத்துப்பாளையம் அணையில் அந்த நீர் தேங்கி, கீழேயுள்ள வயல்களையும் கிணறுகளையும் கெடுத்தது. குடியானவர்கள் வழக்காடினார்கள். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாடு முழுமையாகும் வரையில் சாயப்பட்டறைகளையும் பிளீச்சிங் பட்டறைகளையும் மூட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2011ஆம் வருஷம் ஜனவரி 28ஆம் தேதி உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அந்த உத்தரவினால் அணைந்தும் போயிற்று. ஆற்றங்கரைக் குடும்பங்களுக்கு அதனால் மூச்சும் வந்தது. இலக்கணப் பத்தியில் இது எதற்கு என்று கேட்கலாம். ஆறு ‘ரன்ஸ் ரெட்’ என்று எழுதும்போது வாலில்லாத அந்த ‘ரெட்’ ஆற்றின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கிறதே, அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நமக்குக் கிடைக்கவில்லை.

நிறம், சுவை, மணம் ஆகியவற்றில் தமிழுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ‘இனிக்கிறது’, ‘கசக்கிறது’, ‘புளிக்கிறது’, ‘கறுத்தது’, ‘வெளுத்தது’, ‘சிவந்தது’ என்று குணத்தையே வினையாக்கி ஓடவிட்டிருக்கிறோம். இங்கிலீஷில் ‘டேஸ்ட்ஸ் ஸ்வீட்’, ‘டர்ன்ட் பிளாக்’ என்று பெரும்பாலும் இரண்டு சொற்கள் வேண்டும். பால் திரிந்தால் ‘டர்ன்ட் சவர்’. முகம் வெளுத்தால் ‘வென்ட் பேல்’. திரும்புவதும் இல்லை, போவதும் இல்லை. எல்லாம் இணைப்பு வினையின் வேஷங்கள். ஆகவே ‘வெளுத்தது’ என்பதற்கு இங்கிலீஷில் ஒரு வினையைத் தேடிக்கொண்டிராமல், குணம் எது, முடிச்சு எது என்று பிரித்துப் பார்த்து எழுதினால் போதும்.

இவ்வளவு நேரம் சொன்னது எழுதுகிறவர்களுக்கு. வருகிற கடிதத்தைப் படிப்பதில் இன்னும் பெரிய அபாயம் இருக்கிறது. நமக்கு வேண்டிய ஒருவர், இருபது தையல் மெஷின்கள் வைத்துப் பாடுபட்டவர், அதில் அகப்பட்டுக்கொண்டார். வெளிநாட்டு வியாபாரிக்குச் சாம்பல் நீலத்தில் சாய மாதிரி அனுப்பியிருந்தார். ‘தி ஷேட் லுக்ஸ் ஓகே’ என்று பதில் வந்தது. அதற்குக் கீழே, விளக்குப் பெட்டியில் பார்த்த பிறகு உறுதி சொல்வதாக ஒரு வரி இருந்தது. நம்மவர் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டார். ‘லுக்ஸ் ஓகே’ என்றால் ‘இஸ் ஓகே’ தானே என்று எண்ணி, ஒரு டன்னுக்கு மேல் துணியைச் சாயம் ஏற்றிவிட்டார்.

‘லுக்ஸ்’ஸும் ‘இஸ்’ஸும் ஒன்றல்ல என்பது இலக்கண நுட்பம் மட்டும் அன்று, சாயப்பட்டறையில் அது கண்கூடான உண்மை. இரண்டு துணித் துண்டுகள் டியூப் லைட் வெளிச்சத்தில் ஒரே நிறமாகத் தோன்றும். வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தால் ஒன்று பச்சையடிக்கும், ஒன்று சிவப்படிக்கும். சாயச் சரக்குகளின் கலவை வேறுபட்டால் இப்படி நேரும்; ‘மெட்டாமெரிஸம்’ என்பார்கள். அதற்காகவே ஒரு பெட்டிக்குள் பல விதமான விளக்குகளை வைத்து, பகல் வெளிச்சத்துக்குச் சமானமான டி65 விளக்கிலும், ஐரோப்பியக் கடைகளின் வெளிச்சத்துக்குச் சமானமான டி.எல். 84 விளக்கிலும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். எல்லா விளக்கிலும் ஒத்து வந்தால்தான் ‘இஸ்’. ஒரு விளக்கில் மட்டும் ஒத்து வந்தால் அது ‘லுக்ஸ்’. அந்த வியாபாரி ‘லுக்ஸ்’ என்று எழுதியபோது தம்மை ஒன்றுக்கும் கட்டிக்கொள்ளாமல் மிகவும் ஜாக்கிரதையாகத்தான் எழுதியிருந்தார். நம்மவர் அதற்குத் ‘தோன்றுகிறது’ என்று தமிழில் பொருள் சொல்லிக்கொண்டிருந்தால் தப்பியிருப்பார். கடைசியில் துணி முழுவதையும் கறுப்புச் சாயத்தில் மறுபடி முக்கி, கிடைத்த விலைக்குத் தள்ள வேண்டியதாயிற்று. மெஷின்களில் ஆறு கைமாறின.

‘இஸ்’ என்பது உறுதி. ‘சீம்ஸ்’, ‘லுக்ஸ்’, ‘சவுண்ட்ஸ்’ என்பவை வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு சொல்கிற சம்மதம். ‘ரிமெயின்ஸ்’ என்பது முன்பு சொன்னதில் மாற்றமில்லை என்பது. அது நல்லதற்கும் வரும், ‘பேமெண்ட் ரிமெயின்ஸ் அன்பெய்ட்’ என்று கெட்டதற்கும் வரும். ஏற்றுமதிக் கடிதம் படிக்கிறவர்கள் இந்தச் சிறு சொற்களின் மேல் விரலை வைத்துப் படிப்பது நல்லது. முன்காலத்தில் தந்தி அடிக்கும்போது வார்த்தைக்குக் காசு என்பதால் ‘இஸ்’ஸையெல்லாம் வெட்டிவிட்டு ‘ஷேட் ஓகே’ என்று அனுப்பினார்கள். தந்தி 2013ஆம் வருஷம் ஜூலை மாதத்தோடு நம் நாட்டில் நின்றுபோயிற்று. ஆனால், காசு கேட்காத கைபேசிச் செய்தியிலும் வெட்டுகிற பழக்கம் போகவில்லை. ‘ஷேட் ஓகே’ என்று வந்தால், ‘இஸ்’ஸா, ‘லுக்ஸ்’ஸா என்று ஒரு வரி திருப்பிக் கேட்டுவிட்டுச் சாயத்தொட்டியைத் திறக்கலாம்.

நிற்க. சகோதரி தம்முடைய கடிதத்தில் இன்னும் இரண்டு வாக்கியங்களை எழுதி, சரியா என்று கேட்டிருக்கிறார். சரக்குத் தாமதமானதற்கு ‘வீ ஃபீல் பேட்லி’ என்று வருத்தம் தெரிவிக்கலாமா என்பது ஒன்று. ‘வீ ஃபீல் பேட்’ என்பதே பொருத்தம். ‘பேட்லி’ என்று இங்கிலீஷ்காரர்களிலேயே சிலர் சொல்கிறார்கள். விரலில் உணர்ச்சி மரத்துப்போனவர்கள்தான் அப்படிச் சொல்ல வேண்டும் என்று வேறு சிலர் பரிகாசம் செய்கிறார்கள். அவர்களுடைய வீட்டுச் சண்டையில் நாம் தலையிட வேண்டாம்; ‘பேட்’ என்று எழுதினால் இரு கட்சியாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

மற்றொன்று, கடிதத்தை ‘ஐ ரிமெயின் யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்று முடிப்பது பற்றி. அவருடைய தாத்தா வைத்திருந்த பழைய கடிதக்கட்டில் அப்படிப் பார்த்தாராம். அந்த ‘ரிமெயின்’ இணைப்பு வினைதான். அது சேர்த்து வைப்பது ‘ஐ’யையும் ‘யுவர்ஸ்’ஸையும். நான் தங்களுடையவனாக இருக்கிறேன் என்று பொருள். ‘ஃபெய்த்ஃபுல்லி’யில் உள்ள ‘லி’ எந்த விதத்தில் தங்களுடையவன் என்பதைச் சொல்ல வந்தது. ஆகவே இலக்கணப்படி பிழையில்லை. அதற்கு முந்திய தலைமுறையில் ‘தங்கள் மிகத் தாழ்மையுள்ள ஊழியனாக இருக்கிறேன்’ என்றுகூடத் துரைகளுக்கு எழுதினார்கள். 1947க்குப் பிறகு அந்த இணைப்பு நமக்குத் தேவைப்படவில்லை. துணி விற்கிறவர் வாங்குகிறவருக்கு எழுதும்போது ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ மட்டும் போதும். ‘ஐ ரிமெயின்’ வேண்டாம்.

ஜெர்மன் வியாபாரிக்குப் போக வேண்டிய வாக்கியம்: ‘தி கிளாத் ஃபீல்ஸ் சாஃப்ட்.’ குண்டூசியைக் கழற்றிவிட்டு அந்தத் துண்டை நாமும் தொட்டுப் பார்த்தோம். மென்மையாகத்தான் இருக்கிறது.